தம்பியின் புரோட்டீன் டப்பாவும் வீட்டுச் சண்டையும்

கேள்வி: 8 ஜூன் 2025, இரவு 9.52

தம்பிக்கு 22 வயது. கபடி ஆடுகிறான், மாவட்ட அணி வரைக்கும் போயிருக்கிறான். எட்டு மாதமாகப் புரோட்டீன் பவுடர் குடிக்கிறான். மாதம் ஒரு டப்பா, மூவாயிரத்துக்குக் குறைவில்லை. அப்பாவுக்கு டிராக்டர் ஓட்டுகிற வருமானம்தான். இப்போது வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அம்மா வைக்கிற குழம்பைத் தொடுவதில்லை. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறான். போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டான். பவுடர்தான் மூளையைக் கெடுக்கிறது, டப்பாவைத் தூக்கிக் குளத்தில் போடு என்கிறார் அப்பா. பவுடரால் இப்படி ஆகுமா? ஆடி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு 11.20

ஆகும். குளத்தில் மட்டும் போட வேண்டாம், மீன் பாவம்.

நான் வடுவூர்ப் பக்கம். எங்கள் ஊர்களில் பையன் நடக்க ஆரம்பித்ததுமே மண்ணில் கோடு கிழித்து நிறுத்திவிடுவார்கள். கபடியில் இடது கார்னரில், ஓரத்தில் நின்று பிடிக்கிற இடத்தில், பதினான்கு வருஷம் ஆடினேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. 2013-லிருந்து 2019 வரைக்கும் பவுடர் குடித்தேன். அந்த ஆறு வருஷத்தில் நான் எரிந்து விழாத ஆள் கிடையாது. அம்மா, மனைவி, மகள், பால்காரர், எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பவுடரை நிறுத்தினேன், சரியானேன். கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதம் போதும், அது சோற்றிலும் பருப்பிலுமே கிடைக்கும். தம்பியிடம் சொல்லுங்கள்.

9 ஜூன், காலை 5.40

நேற்று எழுதியதில் பாதி தப்பு. மனைவி படித்துவிட்டாள். "பவுடர நிறுத்துனதாலயா சரியானீங்க? முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆட்டத்தையே நிறுத்துனீங்களே, அத ஏன் எழுதல?" என்றாள். அதோடு தூக்கம் போய்விட்டது, அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நியாயமான கேள்விதான். பாலைத் திரித்துப் பன்னீர் எடுக்கும்போது மஞ்சளாய் ஒரு தண்ணீர் நிற்குமே, அதில் இருக்கிற புரதத்தை வடிகட்டி, உலர்த்தி, சாக்லேட் வாசனை போட்டு அடைத்தால் அதுதான் வே புரோட்டீன். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது, மீதி கேசீன் என்கிற இன்னொரு புரதம். தயிர் சாதம் சாப்பிட்டு யாரும் தட்டை எறிந்ததில்லை. டப்பாவில் வெறும் வே மட்டும் இருந்தால் அதற்குக் கோபத்தை மூட்டுகிற சக்தி கிடையாது.

அப்படியானால் எனக்கு ஏன் அப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, சாயந்திரம் எழுதுகிறேன்.

9 ஜூன், இரவு 8.15

சகோதரி, தம்பியின் அறையில் இன்னொரு டப்பா இருக்கிறதா பாருங்கள். சின்னதாக, கண்ணைப் பறிக்கிற நிறத்தில், உள்ளே சின்ன கரண்டியோடு இருக்கும். பயிற்சிக்கு முன்னால் குடிப்பது, ப்ரீ-ஒர்க்அவுட் என்பார்கள். ஒரு கரண்டியில் 200, 300 மில்லிகிராம் காஃபீன் வைத்த சரக்குகள் சாதாரணம். ஒரு டம்ளர் ஃபில்டர் காபியைப் போல இரண்டு, மூன்று மடங்கு. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். நான் சாயந்திரம் ஆறரைக்குக் குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேட் விரிப்பில் ஆட இறங்குவேன். பத்து மணிக்குப் படுத்தால் இரண்டு மணி வரைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மறுபடி அஞ்சரைக்கு ஓட்டம். மூன்றரை மணி நேரத் தூக்கத்தில் வருஷக்கணக்காக ஓட்டியவனிடம் என்ன குணத்தை எதிர்பார்க்க முடியும்?

இது ஒன்று. இன்னும் இருக்கிறது.

9 ஜூன், இரவு 8.31

மேலே ஒருத்தர், "கிலோவுக்கு ஒரு கிராம்னு யார் சார் சொன்னா?" என்று கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, நானாக அடித்துவிட்டதுதான். சாதாரண ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வைத்திருக்கிற அளவு கிலோவுக்கு 0.83 கிராம். தசை ஏற்றுகிற பயிற்சி செய்பவர்களைப் பற்றி 49 ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வந்த தொகுப்பு ஒன்று, 1.6 கிராம் வரைக்கும் பலன் தெரிகிறது, அதற்கு மேல் சராசரியாகப் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. அதைக் கணக்கில் வைப்போம். நான் ஆடிய காலத்தில் 3 கிராம் போய்க்கொண்டிருந்தேன். கிட்டத்தட்டப் பாதி காசைத்தான் குடித்தேன்.

10 ஜூன், மதியம் 1.05

சாப்பாட்டு நேரம், அதனால் சாப்பாட்டுக் கணக்கு. 70 கிலோ பையன் என்று வைத்துக்கொண்டால் 1.6 வீதம் 112 கிராம்.

நாலு முட்டை, 24. அரை லிட்டர் பால், 16. நூற்றைம்பது கிராம் கோழிக்கறி, 33. ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டல், காய்ந்த கடலையாக ஐம்பது கிராம், 10. மூன்று வேளைச் சோற்றுக்கு முந்நூறு கிராம் அரிசி, அதில் 21. பருப்பு ஐம்பது கிராம், 11. மொத்தம் 115. கரண்டி பவுடர் தேவையில்லை. அரிசியில் புரதமா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். நூறு கிராமுக்கு ஏழு கிராம் இருக்கிறது. நாம் தின்கிற அளவுக்கு அது சேர்ந்துவிடும்.

10 ஜூன், மாலை 6.50

கறிக்கடைக்காரர் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். "அண்ணே, நூத்தம்பது கிராம் எலும்போடயா, எலும்பில்லாமயா?" வசமாக மாட்டினேன். எலும்போடு வாங்கினால் சதை நூறுக்குள்தான் தேறும், புரதம் 21. ஆக மொத்தம் 103. ஐம்பது கிராம் வேர்க்கடலை சேர்த்தால் பழையபடி 115. கடலை, பருப்புப் புரதம் முட்டை அளவுக்கு முழுசாக உடம்பில் சேராது என்பதும் உண்மைதான், அதனால் கொஞ்சம் கூடவே சாப்பிடட்டும். சைவ வீடு என்றால் மீல் மேக்கர் இருக்கிறது. நூறு கிராமில் பாதிக்கு மேல் புரதம்தான்.

எழுதும்போதே தெரிகிறது, இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை. "முட்டை சாப்பிட்டா போதும்டா" என்று என்னிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். கேட்டேனா என்ன? எனக்கு அப்போது வேண்டியிருந்தது புரதம் இல்லை.

12 ஜூன், இரவு 10.48

2012 கடைசி. மாநில அணித் தேர்வு. மூன்று நாள் முகாம். பாடிவந்த ஏழு ரெய்டரைப் பிடித்தேன், கணுக்காலைப் பிடிக்கிற ஆங்க்கிள் ஹோல்ட் போட்டால் விடமாட்டேன் என்று எனக்கே தெரியும். பட்டியலில் பேர் இல்லை. தேர்வாளர் ஒருவர் தோளில் கைவைத்துச் சொன்னார்: "ஆட்டம் இருக்கு தம்பி. உடம்பு பத்தல."

அவருக்கு அது ரெண்டு வார்த்தை. நான் அந்த வார்த்தையோடு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து பீரோக் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி நின்றேன். அதற்கு முன்னால் என் உடம்பை நான் அப்படிப் பார்த்ததில்லை. அது ஓடும், பாயும், பிடிக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு முதல்முறையாக அது பற்றாத உடம்பாகத் தெரிந்தது. ஜனவரியில் முதல் டப்பா வாங்கினேன். 2014-ல் புரோ கபடி தொடங்கி டிவியில் பையன்களின் தோளையும் கையையும் பார்த்த பிறகு கேட்கவே வேண்டாம்.

உங்கள் தம்பியிடம் யார் அந்த வார்த்தையைச் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். யாராவது சொல்லியிருப்பார்கள்.

13 ஜூன், காலை 6.10

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சரி, பெயர் போடாத இடம்தானே.

கல்யாணம் 2014-ல். அப்போது பிடித்தம் போகக் கைக்கு வருவது பதினெட்டாயிரம் சொச்சம். டப்பா ஐயாயிரத்துச் சில்லறை, பெரிய டப்பா, ஐந்து பவுண்டு. மனைவியிடம் ஆயிரத்தெண்ணூறு என்று சொன்னேன். பில்லைக் கடை வாசலிலேயே கிழித்துப்போடுவேன். விலை ஒட்டின ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுவேன். முழுசாக வராது, ஓரத்தில் பசை நிற்கும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகிவிடும். டப்பாவைப் பீரோ மேலே வைப்பேன். மீதிப் பணத்துக்கு நண்பனிடம் கைமாற்று. கைமாற்றை அடைக்கச் சீட்டு. சீட்டு கட்ட முடியாத மாசம் வீட்டில் ஏதாவது ஒரு சண்டையை நானே கிளப்புவேன். குழம்பில் உப்பு, துவைத்த ஜெர்சி காயவில்லை, இப்படி ஏதாவது. சண்டை வந்துவிட்டால் பணத்தைப் பற்றிக் கேட்க மாட்டாளே. அந்தச் சூழ்ச்சி எனக்கு அப்போது தெரிந்தே நடந்ததா என்று கேட்டால், பாதி தெரியும்.

பிடிபட்டது மகளுக்கு எல்கேஜி கட்டணம் கட்ட வேண்டிய சமயத்தில். மனைவி ஒரு நாள் பீரோவைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவை இறக்கி, அந்தப் பசைத் தடத்தைப் பார்த்திருக்கிறாள். ஒன்பது டப்பாவிலும் அதே இடத்தில் அதே தடம். கடைக்குப் போன் போட்டு விலையைக் கேட்டுவிட்டாள். நான் வந்தபோது சண்டை போடவில்லை. ஒன்பதைப் பெருக்கி ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்திருந்தாள்.

ஒரு விலையை மறைத்தேன், அதை மறைக்க இன்னும் பத்தை மறைத்தேன். பவுடர் வயிற்றுக்குப் போன வேகத்தைவிட இது வீட்டுக்குள் போன வேகம் அதிகம்.

13 ஜூன், காலை 6.22

காலி டப்பாக்கள் இப்போது எங்கள் சமையலறையில். ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் உளுந்து, ஒன்றில் பொட்டுக்கடலை. வெளியே கையை மடக்கி நிற்கிற வெள்ளைக்காரர், உள்ளே பருப்பு. "இப்பதான் டப்பாவுல நெசமாவே புரோட்டீன் இருக்கு" என்று மாமனார் வருகிறபோதெல்லாம் சொல்கிறார். ஆறு வருஷமாக அதே ஜோக். அளவுக் கரண்டி துணிப்பவுடருக்குப் போய்விட்டது.

13 ஜூன், இரவு 9.30

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். சின்ன டப்பா இருக்கிறது, காலி ஊசி இல்லை. நல்லது. ஆனால் "ஊசியும் போடுவார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். போடுகிறார்கள். எல்லாரும் அல்ல. ஜிம்மில் ஒருவன் போட்டால் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தன் பவுடர் தண்ணீராகத் தெரியும்.

என்னோடு ஆடியவன் ஒருத்தன் இரண்டு வருஷம் தசை ஏற்றுகிற ஸ்டீராய்டு ஊசி போட்டான். தோளும் கழுத்தும் ஒன்றாகிவிட்டது. கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன், எல்லாமே அவளுக்குத்தான். மாமியார் வாயில் என்னென்ன வந்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். ஒரு டாக்டரம்மாதான் "அவர முதல்ல டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா" என்றிருக்கிறார். விந்தணு கிட்டத்தட்ட இல்லை.

இந்த ஸ்டீராய்டு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வகை. வெளியிலிருந்து அது போனால், மூளை "அதான் வருதே" என்று விரைக்கு அனுப்புகிற சமிக்ஞையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இதே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது, அந்த அளவுக்கு வேலை செய்யும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும், மாதக்கணக்கில் ஆகலாம், வருஷமும் தாண்டலாம். நிறுத்துகிற காலத்தில் மனசு பாதாளத்துக்குப் போகும். அவன் அதிலேயே ஒரு வருஷம் கிடந்தான். இப்போது ஒரு பையன் இருக்கிறான். அவன் மனைவி மாமியாரோடு இன்றைக்கும் பேசுவதில்லை, நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

14 ஜூன், காலை 7.00

நேற்றுப் பதிவைப் படித்துவிட்டு இரண்டு பேர் பயந்து கேட்டிருக்கிறார்கள்: "நான் பவுடர் மட்டும்தான் குடிக்கிறேன், எனக்கும் குழந்தை பிறக்காதா?" பவுடர் வேறு, ஸ்டீராய்டு வேறு. வே புரோட்டீனால் மலடாக மாட்டீர்கள். ஆனால் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது தனிக் கதை.

சிட்னி ஒலிம்பிக் முடிந்த கையோடு, 2000, 2001-ல், ஜெர்மனியின் கொலோன் ஆய்வகத்தில் 13 நாடுகளிலிருந்து 634 சத்துப்பொருள்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஹார்மோன் இருப்பதாக லேபிளில் எதுவும் சொல்லாத சரக்குகள். அதில் 94-ல் ஸ்டீராய்டு வகை ஹார்மோன் இருந்தது. கிட்டத்தட்ட ஏழில் ஒன்று. ஒரே ஆலையில் முதலில் ஹார்மோன் சரக்கை அரைத்து, இயந்திரத்தைச் சரியாகக் கழுவாமல் சத்துப்பொருளை அரைத்தாலே போதும்.

நம் ஊர்க் கதை 2024-ல் வந்தது. கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் கூட்டாளிகளும் இந்தியாவில் விற்கிற 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்தார்கள். பத்தில் ஏழு, டப்பாவில் போட்டிருக்கிற புரத அளவும் உள்ளே இருக்கிற அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சு. போட்டதில் பாதிகூட இல்லாததும் உண்டு.

எப்படி ஏமாற்றுகிறார்கள் தெரியுமா? வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. மலிவான கிளைசின், டாரின் இப்படி எதையாவது கலந்தால் நைட்ரஜன் ஏறும், கணக்கில் புரதமாகத் தெரியும். பாலில் தண்ணீர் கலக்கிறவன் எவ்வளவோ தேவலை, குடித்தால் தாகமாவது அடங்கும்.

14 ஜூன், காலை 7.18

ஒன்று விட்டுப்போனது, உங்கள் தம்பிக்கு இதுதான் முக்கியம். மாநிலம், தேசியம் என்று போனால் ஊக்கமருந்துச் சோதனைக்கு ஆள் வரலாம். "டப்பாவில் கலந்திருந்தது, எனக்குத் தெரியாது" என்றால் தப்பு இல்லை என்று விட மாட்டார்கள். உடம்பில் இருந்தால் பொறுப்பு ஆடுகிறவனுடையது. கலப்படம் என்று நிரூபித்தால் தடைக்காலம் குறையும். ஆனால் நிரூபிக்க டப்பா வேண்டும், பில் வேண்டும், ஆய்வகத்துக்குப் பணம் வேண்டும். நான்தான் பில்லைக் கடை வாசலில் கிழித்துப்போட்ட புத்திசாலி ஆச்சே. 2022-ல் இரண்டாயிரத்துக்கு மேல் சோதனை நடத்திய நாடுகளில் சிக்கியவர்களின் விகிதம் இந்தியாவில்தான் அதிகம், நூறு மாதிரிக்கு மூன்றுக்கு மேல். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்று எந்தச் சான்றிதழை நம்பி இருக்கிறானோ, அதற்கே ஆபத்து.

குடித்தே தீருவேன் என்றால், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) வெளி ஆய்வகத்தில் விளையாட்டுத் தடைப்பொருளுக்குச் சோதித்த முத்திரை உள்ளதை மட்டும் வாங்கட்டும். விலை கூட. பில்லைப் பத்திரமாக வைக்கட்டும். நோட்டுக்குள், மடித்து.

15 ஜூன், இரவு 11.55

ஞாயிறு. எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. மகள் என் மடியில் பாதி, தட்டில் பாதி.

இவளுக்கு நாலு வயதில் ஒரு நாள் அம்மாவிடம் கேட்டாள்: "அப்பா ஏன் நம்மகூட சாப்பிட மாட்டேங்கிறாங்க?" அப்போது எனக்குத் தனிச் சமையல். உப்பில்லாத கோழி, வேகவைத்த ப்ரோக்கோலி. மன்னார்குடியில் அது கிடைக்காது, தஞ்சாவூரிலிருந்து ஒரு பையன் வாங்கி வருவான். ஆறு மணிக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு ஒரு தடவை, நான் என் நேரத்துக்கு என் டப்பாவில். தங்கை வளைகாப்பில் ஏழு வகைச் சாதம் வைத்தார்கள், நான் பையிலிருந்து ஷேக்கரை எடுத்துக் குலுக்கினேன். உள்ளே இருக்கிற கம்பிப் பந்து கடகடவென்று உருள, பந்தியே திரும்பிப் பார்த்தது. அம்மா எதுவும் சொல்லாமல் என் இலையை மடித்து எடுத்துப் போனாள். சாப்பிட்டு முடிக்காத இலையை மடிப்பது எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை.

உங்கள் அம்மா வைக்கிற குழம்பை அவன் தொடுவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் இந்த இலைதான் கண்ணில் வந்தது.

16 ஜூன், காலை 5.50

கண்ணாடி விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். நான் 71-லிருந்து 83 கிலோ வரைக்கும் போனேன். ஊரே "மலை மாதிரி ஆயிட்டான்" என்றது. எனக்கு மட்டும் சின்னவனாகவே தெரிந்தேன். சட்டைக்குள் இரண்டு பனியன் போடுவேன், மே மாதத்தில்கூட. ஒரு வேளை பவுடர் தவறினால் அன்றைக்கே கை மெலிந்துவிட்டதாகத் தோன்றும், இஞ்ச் டேப்பை எடுத்து அளப்பேன். கல்யாண வீடுகளுக்குப் போக மாட்டேன், பயிற்சி தவறும் என்று.

இதற்கு ஒரு பேர் இருக்கிறது என்று பிசியோதெரபி பண்ணியவர் சொல்லித்தான் தெரியும். ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவர் குழுவும் 1993-ல் 108 பாடி பில்டர்களைப் பேட்டி கண்டதில், ஒன்பது பேர் நல்ல கட்டுடம்போடு இருந்தும் தாங்கள் ஒல்லி, பலவீனம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பட்டினி கிடந்து மெலிந்தும் தான் குண்டு என்று நினைக்கிற நோயைத் தலைகீழாகப் போட்டது மாதிரி. இப்போது மசில் டிஸ்மார்ஃபியா என்கிறார்கள். 2013-லிருந்து அமெரிக்க மனநோய்க் கையேட்டிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் இருந்தது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. இரண்டு பனியன் போட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

தம்பி வெயிலில் முழுக்கைச் சட்டை போடுகிறானா?

16 ஜூன், இரவு 10.05

போடுகிறான் என்று பதில் வந்திருக்கிறது. அதை வைத்து நானோ நீங்களோ எதையும் முடிவு கட்ட வேண்டாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்று டெலி-மானஸ் எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசுவார்கள். அவனிடம் "உனக்கு மனநோய்" என்று சொல்லி நீட்டாதீர்கள். "தூக்கம் வரலன்னியே, கேட்டுப் பாரு" என்றால் ஒருவேளை கேட்பான். நான் தூக்கத்துக்குத்தான் போனேன்.

18 ஜூன், மதியம் 1.40

எடைப் பிரிவுப் போட்டி ஆடுகிறவன் என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள்! அதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பதிவு மிச்சம். தட்டை எறிந்த வாரம் போட்டிக்கு எடை குறைத்துக்கொண்டிருந்தானா?

65 கிலோ பிரிவுக்கு 69-லிருந்து இறங்குகிறவன் நாலு நாளாகப் பசியோடு, தண்ணீர்கூட அளந்து குடித்துக்கொண்டு இருப்பான். பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீரர் அமன் செஹ்ராவத் அரையிறுதிக்குப் பிறகு 57 கிலோ பிரிவில் நிற்க ஒரே ராத்திரியில் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார், மறுநாள் வெண்கலம் வாங்கினார். சுற்றிப் பயிற்சியாளர்கள், அளக்க ஆள், பார்த்துக்கொள்ள ஆள். நம் பையன்கள் பிளாஸ்டிக் கோட்டு போட்டு வெயிலில் ஓடுவார்கள். தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஓடினால் ஆண்களுக்கும் ஹார்மோன் இறங்கும், தூக்கம் போகும், எரிச்சல் ஏறும். ஆசையும் போகும், கல்யாணமானவர்களுக்கு அது தனிப் பஞ்சாயத்து.

அதாவது பவுடர் அதிகமாகி அல்ல, சோறு குறைந்து எறிந்திருக்கலாம். முதல் நாள் "ஆகும்" என்று ஒரே வார்த்தையில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

18 ஜூன், இரவு 9.12

"பச்சை முட்டையில் நல்லெண்ணெய் விட்டுக் குடித்துத்தான் எங்க தாத்தா காலத்துல ஆடினாங்க" என்று ஒரு பெரியவர். எங்கள் அப்பாயியும் அப்படித்தான் ஊற்றிவிடும், மூக்கைப் பிடித்து. வருந்திச் சொல்கிறேன், வேகவைத்த முட்டையில் பத்துக்கு ஒன்பது பங்கு புரதம் உடம்பில் சேர்ந்தால், பச்சையில் பாதிதான் சேர்கிறது. அளந்து பார்த்திருக்கிறார்கள். அப்பாயி உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

வயிறு பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பவுடரில் இருக்கிற லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை வாயுவாக வெளியே வரும். எங்கள் வீட்டில் 2016 கோடையில் மனைவியும் மகளும் கூடத்தில் படுத்தார்கள். ஊருக்குச் சொன்ன காரணம், அறையில் ஃபேன் ஓடவில்லை.

21 ஜூன், இரவு 10.30

தம்பியோடு பேசினேன். அக்கா போனைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டார், நல்ல காரியம் செய்தார்.

பவுடரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கார்னரா, அதற்கு உள்பக்கம் நிற்கிற கவரா என்று கேட்டேன். வலது கவர். பதினைந்து நிமிஷம் கைகோத்துப் பிடிக்கிற செயின் டேக்கிள் பற்றிப் பேசினோம். அப்புறம் அவனாகவே, "போன செலக்‌ஷன்ல உடம்பு இல்லன்னு தள்ளிட்டாங்கண்ணே" என்றான். பதின்மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை மாறியிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா டிராக்டர்ல உக்காந்து முதுகு போயிடுச்சுண்ணே. நான் வேலை வாங்கலன்னா அதுலதான் ஏறணும். அவரு காசுலதான் டப்பா வாங்குறேன்னு தெரியும். தெரிஞ்சுதான் வீட்ல யாரு முகத்தையும் பாக்க முடியல" என்றான். நீங்கள் எழுதிய முதல் பதிவிலேயே முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இருந்தது. நான் அதைத் திமிர் என்று படித்தேன். ஆறு வருஷம் அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தவனுக்கே அது பிடிபடவில்லை.

அப்பாவிடம் இதை அவனே சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். சின்ன டப்பாவை மட்டும் மாலை நேரத்தில் நிறுத்து என்றேன், சரி என்றான். அடுத்த போட்டிக்கு 70 கிலோ பிரிவிலேயே ஆடு என்றதற்குப் பதில் இல்லை. கார்னரில் நிற்கிறவனுக்குப் பொறுமை உண்டு, காத்திருக்கிறேன்.

29 ஜூன், காலை 8.20

அப்பா அவனை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மைதானத்தில் இறக்கிவிட்டார் என்று படித்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது என்கிறீர்கள். கேட்காதீர்கள்.

பாதி டப்பா மிச்சம் இருக்கிறது, அம்மா அதைத் தோசை மாவில் கலக்கலாமா என்று கேட்கிறார் என்றீர்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் கலந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பவுடர் சூட்டில் ரப்பராகிவிடும். தோசைத் திருப்பியால் எடுக்கப் போனால் கல்லோடு வந்தது. அந்தத் தோசைக்கல் மனைவியின் அம்மா சீராகக் கொடுத்தது, பதினோரு வருஷம் பழகிய கல். இன்னும் பேச்சு முடியவில்லை.